வெள்ளைச் சுவரில் ஏன் படம் தெரிவதில்லை?

பகல் நேரத்தில் உங்கள் அறையில் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். வெளியே ஒரு தென்னை மரம், எதிர்வீட்டு மொட்டைமாடி, அங்கே கொடியில் காயும் சிவப்புச் சேலை என்று வைத்துக்கொள்வோம். இவை எல்லாவற்றின் மீதும் வெயில் பட்டுச் சிதறுகிறது. அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்து இந்தச் சுவரில்தான் விழுகிறது. மரத்தின் பச்சையும் வருகிறது, சேலையின் சிவப்பும் வருகிறது. ஆனாலும் சுவரில் மரமும் இல்லை, சேலையும் இல்லை. சுவர் சுவராகவே நிற்கிறது. ஏன்?

கேமராவைப் பற்றி விளக்குகிறவர்கள் பெரும்பாலும் லென்ஸில் ஆரம்பித்து, குவியத் தொலைவு, ஒளிவிலகல் எண் என்று நேராகக் கணக்குக்குள் போய்விடுவார்கள். எனக்கு அந்த வரிசை ஒத்துவருவதில்லை. சுவரில் படம் ஏன் விழவில்லை என்பது பிடிபட்டால், கேமராவுக்குள் அது ஏன் விழுகிறது என்பது பாதி புரிந்த மாதிரிதான்.

சேலையில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டதும் அந்தப் புள்ளியிலிருந்து சிவப்பு ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறிப் போகிறது. அதனால்தான் தெருவில் எங்கே நின்று பார்த்தாலும் சேலை கண்ணில் படுகிறது. ஆக, அந்த ஒரு புள்ளியின் ஒளி நம் சுவரின் ஏதோ ஓரிடத்தில் மட்டும் விழுவதில்லை, சுவர் முழுக்கப் பரவி விழுகிறது. பக்கத்துப் புள்ளியின் ஒளியும் அப்படியே. தென்னை ஓலை, மாடிச் சுவர், வானம் எல்லாவற்றின் கதையும் இதுதான்.

இப்போது சுவரின் பக்கம் வாருங்கள். சுவரில் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே எல்லாப் பொருள்களின் ஒளியும் கலந்து கிடக்கிறது. கோயம்பேடு சந்தையில் அத்தனை வியாபாரிகளும் ஒரே நேரத்தில் விலை சொல்லிக் கூவினால் காதில் என்ன விழும்? வெறும் இரைச்சல். தக்காளி விலையும் அதற்குள் இருக்கிறது, வெங்காய விலையும் இருக்கிறது, ஆனால் பிரித்துக் கேட்க முடியாது. சுவரில் தெரியும் வெறும் வெளிச்சமும் அப்படித்தான். படத்துக்கு வேண்டிய ஒளியெல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது. கலந்து போனதுதான் பிரச்சினை.

எனவே கேமராவின் முதல் வேலை ஒளியைப் பிரித்து வைப்பது. வெளியே ஒரு புள்ளியில் கிளம்பிய ஒளி உள்ளே ஒரே ஒரு இடத்தில் போய்ச் சேர வேண்டும். அந்த இடத்துக்கு வேறு எந்தப் புள்ளியின் ஒளியும் வரக் கூடாது. கேமராவில் இருக்கும் மற்ற சமாச்சாரங்கள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைச் சுற்றித்தான் வருகின்றன.

ஓட்டை போதும்

பிரிப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஜன்னலைக் கறுப்பு அட்டையால் முழுக்க மூடிவிட்டு, அட்டையின் நடுவில் சின்னதாக ஒரு துளை போடுவதுதான் அது.

ஒளி நேர்கோட்டில் செல்லும். சேலைப் புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் போகும் கதிர்களில், அந்தத் துளையைக் குறிபார்த்து வருவது ஒரு மெல்லிய கற்றை மட்டுமே. அது துளைக்குள் நுழைந்து நேராகப் போய்ச் சுவரில் ஓரிடத்தில் விழும். ஓலைப் புள்ளியிலிருந்து வரும் கற்றை வேறு கோணத்தில் நுழைவதால் வேறோர் இடத்தில் விழும். மற்ற கதிர்களையெல்லாம் அட்டை தடுத்துவிடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சுவரில் ஓர் இடம் என்று ஆகிவிட்டதா, படம் வந்துவிட்டது.

படம் தலைகீழாக இருக்கும். மேலே இருக்கும் மரத்து உச்சியிலிருந்து வரும் கதிர் துளை வழியே கீழ்நோக்கிப் போகிறது, கீழே இருக்கும் வேரடியிலிருந்து வருவது மேல்நோக்கிப் போகிறது. இடமும் வலமும் அதேபோல் மாறிவிடும். ஒருநாள் செய்து பாருங்கள். அறையில் வேறு வெளிச்சம் கசியக் கூடாது. விரல் நுழையும் அளவுத் துளையே போதும். கதவைச் சாத்திவிட்டு ஐந்து பத்து நிமிடம் பொறுமையாக உட்காருங்கள், கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். அப்புறம் தெருவில் ஆட்டோ போனால் உங்கள் சுவரில் அது தலைகீழாக, எதிர்த்திசையில், நிறத்தோடு நகர்ந்து போகும்.

ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குப் போனவர்கள் இதைப் பெரிய அளவில் பார்த்திருப்பார்கள். அங்கே உள்ளே ஓர் இருண்ட இடத்துச் சுவரில் கிழக்குக் கோபுரம் தலைகீழாக விழுகிறது. சுவரிலிருக்கும் சிறு திறப்புதான் துளையின் வேலையைச் செய்கிறது. இதை அற்புதம் என்று சொல்லிக் காட்டுபவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். அத்தனை பெரிய கோபுரம் ஒரு சிறு திறப்பு வழியே நுழைந்து சுவரில் தொங்குவது அற்புதம்தானே.

ஹம்பி வரை போக வேண்டியதும் இல்லை. மரத்தடியில் வெயில் நேரத்தில் தரையில் வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் கிடக்குமே, அவை ஏன் வட்டமாக இருக்கின்றன என்று யோசித்தது உண்டா? இலைகளுக்கு இடையில் உள்ள சந்துகள் எல்லாம் கோணல்மாணலாகத்தான் இருக்கின்றன. பொட்டு மட்டும் எப்படி வட்டமாகிறது? ஏனென்றால் அது சந்தின் வடிவம் இல்லை, சூரியனின் படம். ஒவ்வொரு சந்தும் ஒரு துளைக் கேமரா. சூரியனின் விட்டம் நமக்கும் அதற்குமான தூரத்தில் சுமார் 108-இல் ஒரு பங்கு. அதே விகிதம் இங்கேயும் வரும். இலைச்சந்து மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் தரையில் விழும் சூரியப் படம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் இருக்கும். அடுத்த தடவை வேப்ப மரத்தடியில் நிற்கும்போது அளந்து பார்க்கலாம். வெயில் சாய்வாக விழுந்தால் வட்டம் கொஞ்சம் நீண்டிருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு 2019 டிசம்பர் 26 அன்று ஊரறிந்த சாட்சி கிடைத்தது. அன்று காலை கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கங்களிலும் யாழ்ப்பாணத்திலும் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. சூரியனின் நடுப்பகுதியை நிலா மறைத்து ஓரம் மட்டும் வளையமாக எரிந்த நேரத்தில், மரத்தடியில் விழுந்த பொட்டுகளும் வளையல் வளையலாக மாறின. இலைகள் மாறவில்லை, சூரியனின் உருவம் மாறியது. தரை அதை அப்படியே காட்டியது.

கிரகணத்தின்போது துளை வழியே விழும் பிறை வடிவத்தை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே உட்கார்ந்து ஆராய்ந்தவர் இப்னு அல்-ஹைதம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். அவர் செய்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். இருட்டான உள்பக்கத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பொட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது, மற்றவை அசையவில்லை. எல்லா விளக்குகளின் ஒளியும் அந்தக் குறுகிய துளைக்குள் ஒன்றையொன்று குறுக்கே கடந்துதான் வருகின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றை இடித்துத் திசை திருப்பவில்லை. தன் பாட்டுக்குப் போகின்றன. இந்தக் குணம் இல்லாவிட்டால் கேமராவும் இல்லை, கண்ணும் இல்லை.

சரி, துளையே போதும் என்றால் எதற்கு இத்தனை செலவில் லென்ஸ்? வெளிச்சம் போதவில்லை, அதுதான் காரணம். துளை பெரிதானால் ஒவ்வொரு புள்ளியின் கற்றையும் தடித்து, சுவரில் பக்கத்துப் புள்ளிகளின் மேல் ஏறி, படம் மங்கலாகும். சிறிதாக்கினால் படம் தெளிவாகும், ஆனால் இருண்டுவிடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. துளை மிகவும் சிறியதானால் ஒளி அலையாக நடந்துகொண்டு விளிம்புகளில் விரிந்துவிடும், படம் மறுபடி மங்கும். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அட்டைப்பெட்டிக் கேமராவுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் துளைதான் சரியான அளவு. அதற்குள் நுழையும் ஒளியை வைத்து ஒரு கல்யாண குரூப் போட்டோ எடுக்க வேண்டுமென்றால் மொத்தச் சொந்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

லென்ஸ் என்ன செய்கிறது

துளை ஒளியைத் தள்ளிவிட்டுப் பிரிக்கிறது. சேலைப் புள்ளி அனுப்பிய ஒளியில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வேண்டாம் என்று ஒதுக்கி, ஒரு இழையை மட்டும் உள்ளே விடுகிறது. லென்ஸ் அப்படி இல்லை. ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வரும் ஒளிக்கூம்பைத் தன் முழு அகலத்திலும் வாங்கி, மறுபடி ஒரே புள்ளியில் கூட்டிவிடுகிறது. பிரித்து வைக்கும் விதி அதேதான். ஒரு புள்ளிக்கு ஓர் இடம். ஆனால் இப்போது அந்த இடத்துக்கு வரும் ஒளி பல்லாயிரம் மடங்கு. இதற்குக் கணக்கு சுலபம். மேலே சொன்ன பெட்டியில் நீளத்தை விட்டத்தால் வகுத்தால் 250 வரும். 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் (வெகுதொலைவில் உள்ள பொருளின் படம் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்ற அளவு) 25 மில்லிமீட்டர் திறப்பும் உள்ள லென்ஸில் அதே கணக்கு 2. 250-ஐ 2-ஆல் வகுத்து வருவதை இருமடி செய்தால் 15,625. படம் அத்தனை மடங்கு பிரகாசம். துளையில் பல விநாடி பிடிப்பது லென்ஸில் கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக முடிந்துவிடுகிறது.

துளைக்குப் பதிலாக லென்ஸ் வைக்கலாம் என்று 1568-இல் அச்சில் எழுதியவர் வெனிஸைச் சேர்ந்த டேனியேலே பார்பரோ. வயதானவர்கள் போட்டுக்கொள்ளும் வெள்ளெழுத்துக் கண்ணாடியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துத் துளையில் பொருத்தச் சொன்னார். அதோடு, வில்லையின் ஓரங்களை மறைத்து நடுவில் கொஞ்சம் மட்டும் திறந்து வைத்தால் படம் இன்னும் தெளிவாகும் என்றும் சேர்த்துச் சொன்னார். இந்த இரண்டாவது விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் பார்த்த அதே சுவர்தான். ஜன்னலுக்கு நேர் எதிரே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கண்ணாடியைப் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏதோ ஓர் இடத்தில் ஜன்னல் தலைகீழாக, கம்பிகளோடு, சின்னதாகச் சுவரில் வந்து உட்காரும். இன்னும் ஒரு இழை நகர்த்தினால் ஜன்னல் கம்பிகள் கலைந்து வெளியே உள்ள மரம் தெளிவாகும். இதற்குத்தான் ஃபோகஸ் என்று பெயர்.

அப்படியே இன்னொன்றும் செய்யுங்கள். படம் தெரிந்துகொண்டிருக்கும்போதே, கண்ணாடியின் மேல்பாதியை ஓர் அட்டையால் மறையுங்கள். சுவரில் என்ன ஆகும்? படத்தில் பாதி காணாமல் போகும் என்றுதான் அநேகமாக எல்லோரும் சொல்வார்கள், அறிவியல் படித்தவர்கள் உட்பட. ஆனால் முழுப் படமும் அப்படியே இருக்கும். கொஞ்சம் மங்கும், அவ்வளவே. லென்ஸின் மேல்பாதி படத்தின் ஒரு பாதியையும் கீழ்ப்பாதி மறுபாதியையும் போடுவதில்லை. ஒவ்வொரு துணுக்கும் தனியாக முழுப் படத்தைப் போடுகிறது. எல்லாத் துணுக்குகளின் படங்களும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும்படி கண்ணாடியை வளைத்துச் செதுக்கியிருக்கிறார்கள்.

எப்படி ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருகிறது? வெற்றிடத்தில் விநாடிக்குச் சுமார் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, கண்ணாடிக்குள் இரண்டு லட்சமாக வேகம் குறைகிறது. குவிலென்ஸ் நடுவில் தடிமன், ஓரத்தில் மெலிது. ஒரு புள்ளியிலிருந்து லென்ஸின் ஓரம் வழியாகச் சுற்றிப் போகும் ஒளிக்குத் தூரம் அதிகம், ஆனால் கண்ணாடிக்குள் கொஞ்ச நேரம்தான். நடுவே போகும் ஒளிக்குத் தூரம் குறைவு, ஆனால் கண்ணாடிக்குள் தாமதம் அதிகம். இந்த இரண்டும் ஈடுகட்டிக்கொண்டு, எல்லா வழியாக வரும் ஒளியும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் இடம் ஒன்று இருக்கும். அங்கேதான் படம். வளைகிறது, முறிகிறது என்று பாடப்புத்தகம் சொல்வதன் உள்ளே நடப்பது இந்த நேரக் கணக்குதான்.

பொருள் கிட்டே வந்தால் அது அனுப்பும் கூம்பு அகன்றுவிடும், கூடும் இடம் லென்ஸிலிருந்து இன்னும் தள்ளிப் போகும். 50 மில்லிமீட்டர் லென்ஸில், வெகுதொலைவில் உள்ள மலை 50 மில்லிமீட்டரில் தெளிவாக விழும். ஒரு மீட்டரில் நிற்கும் ஆள் 52.6 மில்லிமீட்டரில், அரை மீட்டரில் இருக்கும் காபி டம்ளர் 55.6 மில்லிமீட்டரில். கேமராவில் வளையத்தைத் திருகும்போது இந்தச் சில மில்லிமீட்டர்களைத்தான் சரிசெய்கிறோம். செல்போன் லென்ஸின் குவியத் தொலைவே ஐந்தாறு மில்லிமீட்டர் என்பதால், மலையிலிருந்து கைக்கெட்டும் பூ வரைக்கும் அது கால் மில்லிமீட்டர் அசைந்தாலே போதும். சில போன்களைக் காதருகே வைத்து லேசாக ஆட்டினால் டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அசைவதற்காகவே தொங்கவிட்டிருக்கும் லென்ஸ் அது.

ஒற்றை வில்லை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வதில்லை. நீலம் சிவப்பைவிடக் கொஞ்சம் அதிகமாக வளையும், அதனால் ஓரங்களில் வண்ணம் கசியும். ஓரக் கதிர்கள் சரியான இடத்தில் சேராமல் போகும். ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும்படி பல வில்லைகளை அடுக்குகிறார்கள். போனில் உள்ள மிளகளவு லென்ஸுக்குள்ளேயே ஐந்து, ஆறு பிளாஸ்டிக் வில்லைகள் இருப்பது சகஜம்.

இப்போது பார்பரோ சொன்ன அந்த இரண்டாவது விஷயம். ஃபோகஸில் இல்லாத பொருளின் ஒளிக்கூம்பு, கேமராவுக்குள் படம் விழும் தகட்டுக்கு முன்னாலோ பின்னாலோ கூடிவிடும். தகட்டில் புள்ளிக்குப் பதிலாக ஒரு வட்டம் விழும். இரவில் எடுத்த படங்களில் பின்னால் தெருவிளக்குகள் பெரிய பெரிய ஒளிவட்டங்களாகத் தெரிகின்றனவே, அது இதுதான். அந்த வட்டம் லென்ஸின் திறப்பின் வடிவம். திறப்பைக் குறுக்கினால் கூம்பு மெலியும், வட்டம் சுருங்கும், முன்னே பின்னே உள்ளவையும் ஓரளவு தெளிவாகும். துளையை நோக்கிக் கொஞ்சம் திரும்பிப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளெழுத்து உள்ளவர்கள் இதைக் கண்ணாலேயே சோதிக்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு தாளில் ஊசியால் குத்திய துளையைக் கண்ணோடு ஒட்டி வைத்துச் செய்தித்தாளைப் பாருங்கள். மங்கலாகக் கிடந்த எழுத்துகள் வாசிக்கும்படி வந்துவிடும்.

கேமராவில் இந்தத் திறப்புக்கு அபர்ச்சர் என்று பெயர். அதில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று விசித்திரமான எண்கள் இருக்கும். குவியத் தொலைவைத் திறப்பின் விட்டத்தால் வகுத்த எண் அது. அதனால்தான் எண் பெரிதானால் திறப்பு சிறியது. ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகும். புதிதாகக் கேமரா வாங்குபவர்கள் இங்கேதான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, சின்ன எண் என்றால் பெரிய திறப்பு, பின்னணி மங்கும் என்று தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

விழுந்த படத்தைப் பிடித்து வைப்பது

இதுவரை சொன்னதில் படம் விழுகிறது, நிற்கவில்லை. சுவரில் விழுந்த படம் வெளிச்சம் போனதும் போய்விடும். பல நூற்றாண்டுகளாக மனிதர்களுக்கு இவ்வளவுதான் முடிந்தது. விழும் படத்தின் மேல் தாளை வைத்து ஓவியர்கள் கோடு இழுத்துக்கொண்டார்கள்.

முதலில் நிற்க வைத்தவர் பிரான்சின் நிசெஃபோர் நியெப்ஸ். ஒளி பட்டால் இறுகிப்போகும் ஒருவகைத் தாரை ஓர் உலோகத் தகட்டில் பூசிக் கேமராவுக்குள் வைத்தார். வெளிச்சம் பட்ட இடம் இறுகியது, படாத இடத்துத் தார் லாவெண்டர் எண்ணெயில் கரைந்து போனது. அவருடைய வீட்டு ஜன்னலிலிருந்து 1826 அல்லது 1827-இல் எடுத்த அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது. கட்டடங்களின் இரண்டு பக்கங்களிலும் வெயில் விழுந்திருப்பதுபோல் அதில் தெரியும். எடுத்து முடிப்பதற்குள் சூரியன் வானத்தில் அவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது!

அடுத்து 1838-இல் பாரிஸில் லூயி டாகேர் ஒரு பெரிய சாலையைப் படமெடுத்தார். சாலை நிறைய வண்டிகளும் ஆட்களும் போய்க்கொண்டிருந்த நேரம். படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால், நகர்ந்தவர்கள் யாருடைய ஒளியும் ஓரிடத்தில் போதுமான நேரம் விழவில்லை. ஒரு மூலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒருவர் அசையாமல் நின்றார். அவர் மட்டும் விழுந்துவிட்டார். படத்தில் தெரியும் முதல் மனிதர்களில் ஒருவர் அவர், பெயர் யாருக்கும் தெரியாது. படம் என்பது ஒரு கணம் இல்லை, ஒரு கால அளவு முழுக்கச் சேர்ந்த ஒளி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஷட்டரின் வேலை அந்தக் கால அளவை முடிவு செய்வது. இன்றைய கேமராவில் 1/1000 விநாடி வெகு சாதாரணம். ஓடும் பிள்ளைகளை நிறுத்திக் காட்ட அது வேண்டும். இரவில் சாலை விளக்குகள் கோடாக ஓடும் படம் வேண்டுமா, பத்து விநாடி திறந்து வையுங்கள்.

பிலிம் காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புப் படிகங்கள்மேல் ஒளி பட்டதும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நிகழும். பிறகு ரசாயனத்தில் கழுவும்போது அந்தப் படிகங்கள் கறுப்பு வெள்ளியாக மாறும். வெளிச்சம் பட்ட இடம் கறுப்பு, அதுதான் நெகட்டிவ். இந்த பிலிமை ஊட்டியிலேயே ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு ஆலை 'இந்து' என்ற பெயரில் தயாரித்தது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம் வரைக்கும் அங்கே உருவானது.

இன்று அந்த இடத்தில் சிலிக்கான் தகடு. இதுதான் சென்சார். அதில் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் நுண்ணிய கட்டங்கள். ஒளித்துகள் ஒன்று சிலிக்கானில் மோதினால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க அந்தந்தக் கட்டத்தில் எலக்ட்ரான்கள் சேரும். மூடியதும் எண்ணிப் பார்த்து, கட்டத்துக்கு ஓர் எண்ணாக எழுதிக்கொண்டால் படம் ஆயிற்று. உள்ளே இருப்பது எண்களின் அட்டவணை என்பதால், தலைகீழாக விழுந்ததை நிமிர்த்துவதும் பெரிய விஷயமில்லை. கடைசியிலிருந்து வாசித்தால் சரி. இந்த வகையில் ஒளியைப் பிடிக்கும் சிசிடி சில்லை 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் யோசித்தார்கள், 2009-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அதைக் கொண்டு ஒரு கேமரா செய்தார். நூறுக்கு நூறு கட்டம், கறுப்பு வெள்ளை. ஒரு படத்தை கேசட்டில் பதிவதற்கே 23 விநாடி பிடித்தது.

நிறம் எப்படி வருகிறது என்பதில்தான் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. சிவப்புத் துகளாக இருந்தாலும் நீலத் துகளாக இருந்தாலும் அதற்கு ஓர் எலக்ட்ரான்தான். எனவே ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு குட்டி வண்ணக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் வகுத்த முறை இது, 1976-இல் காப்புரிமை கிடைத்தது. நான்கு கட்டங்களுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மனிதக் கண் நுணுக்கத்தைப் பச்சைப் பகுதியில்தான் அதிகம் உணர்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. அப்படியானால் 12 மெகாபிக்ஸல், அதாவது 120 லட்சம் கட்டங்கள் உள்ள சென்சாரில் பச்சை 60 லட்சம், சிவப்பு 30 லட்சம், நீலம் 30 லட்சம். ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டும்? அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கேமரா ஊகித்து நிரப்புகிறது. உங்கள் கல்யாண ஆல்பத்தில் உள்ள நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். நல்ல ஊகம் என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. நெருக்கமான நூல்வரி போட்ட சட்டையில் சில சமயம் இல்லாத வண்ண அலைகள் ஓடுவது, இந்த ஊகம் தடுமாறும் இடம்.

சென்சார்கள் பலவும் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகத்தான் வாசிக்கும். அதற்குள் பொருள் நகர்ந்துவிட்டால் உருவம் கோணும். வேகமாகச் சுற்றும் மின்விசிறியைப் போனில் எடுத்தால் இறக்கைகள் வாழைப்பழம்போல் வளைந்து தெரிவது அதனால்தான்.

இரவுப் படங்கள் ஏன் மணல் தூவியது போல் இருக்கின்றன? ஒளி சீராக வருவதில்லை, துகள் துகளாக, மழைத்தூறல் கணக்கில் ஏறுமாறாக வருகிறது. ஒரு கட்டத்துக்குச் சராசரியாக 10,000 துகள் வர வேண்டியிருந்தால் நூறு முன்னே பின்னே ஆகும். அது ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. நூறு துகள்தான் வருகிறது என்றால் பத்து முன்னே பின்னே ஆகும். அது பத்து சதவீதம். ஒரே நிறச் சுவரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களே வெவ்வேறு எண் காட்டும். பதிவான ஒளியைப் பெருக்கிக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் படம் வெளிச்சமாகும், ஆனால் வந்த ஒளி கூடாது. அந்த ஏறுமாறும் சேர்ந்தே பெரிதாகும்.

கடைக்காரர் மெகாபிக்ஸலைச் சொல்லி விற்கும்போது நான் கேட்பது சென்சார் எவ்வளவு பெரியது என்றுதான். பெரிய கேமராக்களில் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். பெரும்பாலான போன்களில் அகலம் பத்து மில்லிமீட்டருக்குள். அதை எத்தனை கோடிக் கட்டமாகப் பிரித்தாலும் உள்ளே விழும் மொத்த ஒளி அதேதான். போன்கள் இதைச் சமாளிக்க, நீங்கள் ஒருமுறை பொத்தானைத் தொட்டால் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கின்றன. இரவில் 'கையை ஆட்டாதீர்கள்' என்று திரையில் வருவதற்குக் காரணம் அதுதான்.

கடைசியாக, எல்லோரும் அலட்சியப்படுத்தும் ஒரு விஷயம். லென்ஸ் மேல் ஒரு தூசி விழுந்தால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பூதக்கண்ணாடியின் பாதியை மறைத்தே பார்த்தோமே, தூசி எம்மாத்திரம். ஆனால் விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. அது ஒளியை மறைப்பதில்லை, சிதறடிக்கிறது. ஓர் இடத்துக்குப் போக வேண்டிய ஒளியை இன்னொரு இடத்தில் கொட்டுகிறது. அதனால்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்த போனில் தெருவிளக்குகள் எல்லாம் பனிமூட்டத்தில் எரிவது போல விழுகின்றன, கறுப்பு சாம்பலாகிறது. மென்மையான சுத்தமான துணியால் ஒருமுறை துடைத்தாலே பாதிப் பேருக்குப் புதுப் போன் வாங்கும் ஆசை போய்விடும். லென்ஸ் கழற்றும் வகைக் கேமராவில் தூசி சென்சார் மேலேயே போய் உட்கார்ந்தால் கதை மாறிவிடும். அங்கே ஒளி ஏற்கெனவே பிரிந்து முடிந்தது, ஒரு தூசி ஒரு இடத்தை மறைத்தால் அந்த இடம் போனது போனதுதான். எடுக்கும் படமெல்லாம் வானத்தின் அதே மூலையில் அதே கறுப்புப் பொட்டோடு வரும், திறப்பைக் குறுக்கக் குறுக்க இன்னும் எடுப்பாகத் தெரியும். அப்போது சட்டை நுனியால் துடைக்கப் போகாதீர்கள். முதலில் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் பந்து ஊதுகுழலால் ஊதிப் பாருங்கள். போகவில்லையென்றால் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.